மேரி ஷார்லீப்

மேரி ஆன் டேகோம்ப் ஷார்லீப் (1845–1930) ஆங்கிலேய மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875ஆம் ஆண்டு சேர்ந்த முதல் நான்கு மாணவியரில் ஒருவர். லண்டன் பல்கலைக்கழகம் மருத்துவப் பட்டம் வழங்கிய முதல் இரு பெண்களில் ஒருவர். அதே பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை 1885இல் தொடங்கினார். திருவல்லிக்கேணிவாசிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். மருத்துவ வரலாற்று நூல்களில் அவருடைய பெயர் லண்டனோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் அவர் மருத்துவம் கற்கத் தொடங்கியது சென்னையில். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைத் திறப்பதற்கு முன்பே சென்னைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது.

இளமை

மேரி 1845 ஜூன் 18 அன்று லண்டனில் பிறந்தார். பிறந்த பத்தாம் நாள் தாய் இறந்துவிட்டார். பிரசவத்தை அடுத்து வரும் காய்ச்சலும் இரத்தப்போக்கும் எல்லா நாடுகளிலும், எல்லாத் தரத்துக் குடும்பங்களிலும் தாய்மாரைக் கொண்டுபோன காலம் அது. சமய ஒழுக்கத்தில் கண்டிப்பான பாட்டியின் வீட்டில் குழந்தை வளர்ந்தது. பிறகு மேரி உண்டுறைப் பள்ளிகளில் தங்கிப் படித்தார்.

அக்காலப் பிரிட்டனில் பெண்கள் படிக்க மருத்துவக் கல்லூரி எதுவும் இல்லை. எலிசபெத் பிளாக்வெல் 1849இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். எலிசபெத் காரெட் 1865இல் மருந்தாளர் சங்கத்தின் தேர்வில் வென்று மருத்துவத் தொழில் செய்யும் உரிமம் பெற்றார். உடனே அந்தச் சங்கம் தன் விதிகளை மாற்றி, அடுத்த பெண் அந்த வழியில் வர முடியாதபடி செய்துவிட்டது. இருபது வயதான மேரிக்கு அப்போது மருத்துவத்தில் நாட்டம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அதே 1865 டிசம்பரில், சென்னைக்குப் போய் வழக்கறிஞராகத் தொழில் நடத்தவிருந்த வில்லியம் ஷார்லீப்பை அவர் மணந்துகொண்டார். மறு ஆண்டு இருவரும் சென்னை வந்து சேர்ந்தனர்.

சென்னையில் கண்டது

வில்லியம் வழக்கறிஞர் தொழிலோடு சட்ட இதழ் நடத்தும் வேலையையும் செய்துவந்தார். மேரி அந்த இதழ்ப்பணியில் அவருக்குத் துணை நின்றார். அந்த வகையில் பல தரப்பு மக்களோடு பழக்கம் ஏற்பட்டது. பிரசவத்தில் பெண்கள் படும் பாடும், மருத்துவ உதவி கிட்டாமல் நேரும் சாவுகளும் அவர் காதுக்கு வந்தன.

அந்த நிலைமையைப் புரிந்துகொள்ளக் கோஷா என்ற வழக்கத்தை அறிய வேண்டும். அயல் ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் திரைக்குப் பின்னே வாழ்வதே கோஷா. வசதியுள்ள முஸ்லிம் குடும்பங்களிலும் சில இந்துக் குடும்பங்களிலும் அது கட்டாயமாக இருந்தது. கோஷா இல்லாத வீடுகளிலும் பிரசவ அறைக்குள் ஆண் மருத்துவர் நுழைவதை யாரும் ஒப்பவில்லை. பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். தாயிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் தொழிலைக் கற்று, நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கையில் ஏந்திய அனுபவசாலிகள் அவர்கள்; இயல்பான பிரசவங்களுக்கு அவர்கள் கை போதுமானதாகவே இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டாலோ அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேல்சிகிச்சை தரக்கூடியவர்கள் ஆண் மருத்துவர்கள் மட்டுமே. அவர்களோ திரைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

மருத்துவமும் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் கைகளைக் குளோரின் கரைசலில் கழுவினால் பேறுகாலக் காய்ச்சல் குறைகிறது என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் காட்டினார். பலர் அதை ஏற்க மறுத்தனர். ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தால் புண்களில் கிருமி நீக்கும் முறையை வெளியிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு முன் குளோரோஃபார்ம் கொடுத்து நோயாளியை மயக்கமுறச் செய்யும் வழக்கமும் பரவிவந்தது. தாயைக் காப்பாற்றும் வழிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்த வேளையில், அவற்றைத் திரைக்கு உள்ளே கொண்டுபோக ஆளில்லை என்பதே சென்னையின் குறை.

மேரி முதலில் மகப்பேற்றுப் பயிற்சியைத் தேடிப் போனார். சென்னையில் 1844 முதல் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று நடந்துவந்தது. இன்றைய எழும்பூர்த் தாய்சேய் மருத்துவமனையின் தொடக்கம் அது. அங்கே அவர் பயிற்சி பெற்றார். சிக்கலான பிரசவங்களைக் கண்ணால் பார்த்தபின், பேறுகாலப் பயிற்சி மட்டும் போதாது, முழு மருத்துவமும் கற்றே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அப்போது அவர் பிள்ளைகளைப் பெற்ற குடும்பத்தலைவி. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1875: கல்லூரிக் கதவு திறக்கிறது

சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1850இல் கல்லூரியானது. அதில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்ஃபோர். சென்னை அருங்காட்சியகத்தை 1851இல் தொடங்கிவைத்தவரும், இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. பெண்களின் பேறுகால நலத்தில் அவருக்கு நெடுநாள் அக்கறை உண்டு. ஆங்கில மகப்பேற்று நூல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்து, அதைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டவர் அவர். மாகாண அரசு அவருடைய யோசனையை ஏற்றது. 1875இல் மேரி ஷார்லீப்போடு வைட், மிட்செல், பீல் என்ற மூன்று பெண்களும் கல்லூரியில் சேர்ந்தனர்.

பிரிட்டனில் அந்த நேரத்தில் என்ன நிலை? எடின்பரோ பல்கலைக்கழகம் 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் முதலான பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு அவர்கள் தேர்வு எழுதப் போனபோது, மாணவர் கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி வீசியது. வழக்கு நடந்தது. பட்டம் கொடுக்க முடியாது என்று 1873இல் தீர்ப்பாயிற்று. பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பள்ளியை ஜெக்ஸ்-பிளேக் 1874இல் நிறுவினார். ஆனால் அங்கே படித்தவர்களைத் தேர்வு எழுத அனுமதிக்கும் அமைப்பு எதுவும் அப்போது இல்லை. பெண்களைச் சேர்க்கலாம் என்று மருத்துவத் தேர்வு அமைப்புகளுக்கு உரிமை அளிக்கும் சட்டம் 1876இல்தான் வந்தது. ஆகவே 1875இல் சென்னை எடுத்த முடிவு பேரரசின் தலைநகரையே முந்திய முடிவு.

சென்னையில் இது எளிதாக நடந்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் பெண் மருத்துவர் வந்தால் ஆண் மருத்துவரின் வருமானம் குறையும் என்ற அச்சம் எதிர்ப்பின் பின்னால் இருந்தது. சென்னையிலோ திரைக்குப் பின்னே இருந்த நோயாளிகள் எந்த ஆண் மருத்துவரையும் நாடாதவர்கள். அவர்களுக்குப் பெண் வைத்தியம் பார்ப்பதால் யாருக்கும் நட்டமில்லை. தேவை அப்பட்டமாகத் தெரிந்தது, எதிர்க்க வலுவான தரப்பு இல்லை. தாராள மனம் படைத்த சில அதிகாரிகளின் செயலாக மட்டும் இதைச் சொல்வது போதாது. வெளியே வர மறுத்த ஆயிரக்கணக்கான பெண்களின் பிடிவாதமும் அந்தக் கதவைத் திறந்தது.

மாணவியர் ஆண்களோடு ஒரே கல்லூரியில் உடற்கூற்றியல் தொடங்கிப் பாடம் கேட்டனர். அரசுப் பொது மருத்துவமனையின் வார்டுகளில் நோயாளிகளைப் பார்த்துப் பயின்றனர். பெண்கள் மருத்துவம் படிப்பதை விரும்பாத ஆசிரியர்களும் அங்கே இருக்கவே செய்தனர். வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே மேரி மூன்றாண்டுப் படிப்பை முடித்து, 1878இல் மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகியவற்றில் தொழில் செய்யும் உரிமம் பெற்றார்.

அந்த நால்வருக்குப் பின் பிற மாகாணங்களிலிருந்தும் பெண்கள் சென்னையைத் தேடி வந்தனர். 1878இல் சேர்ந்த கிருபாபாய், உடல்நலம் கெட்டதால் படிப்பைத் தொடர முடியாமல் போனார். பின்னர் கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்றார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காததால் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் 1882இல் இங்கே வந்து படித்தார். அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸை மணந்து, வங்கத்தில் பெண் கல்விக்காகப் பாடுபட்ட அபலா போஸ் அவர்தான்.

லண்டனில் ஐந்தாண்டு

சென்னை உரிமத்தோடு மேரி தொழில் தொடங்கியிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. 1878இல் பிள்ளைகளோடு இங்கிலாந்து சென்றார். கணவர் சென்னையிலேயே தங்கித் தொழில் நடத்திச் செலவுக்குப் பணம் அனுப்பினார். மனைவியின் படிப்புக்காகக் கணவர் ஐந்தாண்டு தனித்திருப்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத ஏற்பாடு. வில்லியம் ஷார்லீப்பின் இந்தப் பங்கை விட்டுவிட்டு மேரியின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

நேரமும் வாய்த்தது. அதே 1878இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்கள் அனைத்தையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. பிரிட்டனில் அவ்வாறு செய்த முதல் பல்கலைக்கழகம் அது. ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரையிலும் கேம்பிரிட்ஜ் 1948 வரையிலும் பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. மணத்துக்குப் பின் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் எனப்பட்ட அந்த எலிசபெத் காரெட் முதலானோர் கற்பித்த, பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பள்ளியில் மேரி சேர்ந்தார். ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் வார்டுகளில் பயிற்சி நடந்தது.

1882இல் எம்.பி. (மருத்துவ இளநிலை) பட்டத் தேர்வில் மேரி ஷார்லீப்பும் ஈடித் ஷோவும் தேறினர். லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் மருத்துவப் பட்டதாரிகள் இவர்கள் இருவரே. மேரி அறுவை மருத்துவப் பட்டத்தையும் சேர்த்துப் பெற்றதோடு மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் வென்றார். பதக்கம் சிறிய பொருள்தான். ஆனாலும் பெண்களின் மூளை கடினமான படிப்பைத் தாங்காது என்று பேராசிரியர்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்த நாளில், ஆண்களோடு ஒரே தேர்வை எழுதி ஒரு பெண் முதலிடம் பெற்றது வலுவான விடை. பிறகு வியன்னா சென்று மகப்பேற்று அறுவையில் மேற்பயிற்சி பெற்றார்.

சென்னைக்குத் திரும்புமுன் விக்டோரியா அரசியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பெண்ணுரிமை இயக்கத்தை வெறுத்தவர் அரசி. பெண்கள் மருத்துவம் படிப்பதும் அவருக்குப் பிடித்தமானதன்று. எனினும் இந்தியப் பெண்களின் நோயையும் துன்பத்தையும் மேரி விவரித்தபோது அக்கறையோடு கேட்டார். இதற்குச் சற்று முன்னரே, பன்னா சமஸ்தானத்து மகாராணி தம்மைப் போன்ற பெண்களின் துயரத்தைச் சொல்லி, எலிசபெத் பீல்பி என்ற மருத்துவப் பணியாளர் மூலம் அரசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டும் சேர்ந்து பயன் தந்தன. 1884இல் வைசிராயாகப் புறப்பட்ட டஃபரின் பிரபுவின் மனைவியிடம் அரசி இந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். மறு ஆண்டு டஃபரின் நிதியம் உருவாகி, இந்தியாவெங்கும் பெண்களுக்கான மருத்துவமனைகளுக்கும் பெண் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சிகளின் பயிற்சிக்கும் பணம் திரட்டியது.

கோஷா ஆஸ்பத்திரி

1883இல் மேரி சென்னைக்கு மீண்டார். தொழில் நாலாபுறமும் பெருகியது. வீடுகளிலிருந்து அழைப்பு வந்த வண்ணம் இருந்தது. தாம் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே மகப்பேறு பற்றி விரிவுரை நிகழ்த்தினார். ஆயினும் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை அளிப்பதன் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது. அறுவைக்கு நல்ல வெளிச்சமும் கொதித்த நீரும் தூய துணியும் பழகிய கைகளும் வேண்டும். திரையைக் காக்கும் ஒரு மருத்துவமனை இருந்தால் பெண்கள் வருவார்கள் என்று அவர் நம்பினார்.

ஆளுநர் கிராண்ட் டஃபும் அவர் மனைவியும் ஆதரவு தந்தனர். 1885இல் நுங்கம்பாக்கத்தில் மூர் தோட்டம் என்ற இடத்தில் மருத்துவமனை தொடங்கியது. மருத்துவர் முதல் பணியாளர் வரை உள்ளே இருந்தவர்கள் பெண்களே. அரசியின் பெயரைத் தாங்கி, ‘சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான ராயல் விக்டோரியா மருத்துவமனை’ என்று அது அழைக்கப்பட்டது.

பெயரில் ‘சாதி’ என்ற சொல் நிற்பதை இன்றைய வாசகர் கவனிக்கத் தவறக் கூடாது. பிற சாதியினரோடு ஒரே கூடத்தில் படுக்கவோ ஒரே சமையலில் உண்ணவோ ஒப்பாத குடும்பங்களை ஈர்ப்பதற்காக வைத்த பெயர் அது. அவர்களுடைய வழக்கத்துக்கு இடம் கொடுத்தால்தான் அவர்கள் வீட்டுப் பெண் உயிர்பிழைப்பாள் என்பது நிறுவனர்களின் கணக்கு. பல உயிர்கள் பிழைத்தன. கூடவே, நீங்க வேண்டிய ஒரு பாகுபாடு மருத்துவமனையின் வாயிற்பலகையிலேயே ஏறி நின்றது. இரண்டையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பின்னாளில் வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். அதைக்கொண்டு சேப்பாக்கம், திருவல்லிக்கேணிப் பகுதியில் நிலையான கட்டடம் எழுந்து, மருத்துவமனை அங்கே குடியேறியது. மக்கள் நீண்ட பெயரை விட்டுவிட்டுக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லத் தொடங்கினர். நாடு விடுதலை பெற்றபின் கஸ்தூர்பா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. கோஷா வழக்கம் மறைந்தும் பழைய பெயர் மறையவில்லை.

மீண்டும் லண்டன்

ஓயாத வேலையும் வெப்பமும் மேரியின் உடலை முறித்தன. 1887இல் அவர் சென்னையை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றார். காரெட் ஆண்டர்சன் நிறுவிய, பெண்களே பெண்களுக்குச் சிகிச்சை அளித்த புதிய மகளிர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவைகளைப் பெண்களால் செய்ய முடியுமா என்று ஐயம் நிலவிய காலத்தில், அந்தத் துறையிலேயே அவர் பெயர் பெற்றார். 1902இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அவரை மகளிர் நோய் மருத்துவராக நியமித்தது. மாணவியாக நடந்த அதே வார்டுகளில் மூத்த மருத்துவராக அவர் மாணவியருக்குக் கற்பித்தார்.

சாதாரண மக்களுக்காக எழுதுவதையும் மருத்துவப் பணியாகவே அவர் கருதினார். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வாழும் பெண்கள் உடல்நலத்தை எப்படிப் பேணுவது என்று 1895இல் ஒரு நூல் வெளியிட்டார். குழந்தை வளர்ப்புப் பற்றித் தாய்மாருக்கு வழிகாட்டும் நூல்களும் எழுதினார். தன்வரலாறு 1924இல் வெளிவந்தது. பால்வினை நோய்களை ஆராயப் பிரிட்டிஷ் அரசு 1913இல் அமைத்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். பெண்கள் பேசவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட பொருளை ஆராய்ந்த அந்த ஆணையத்தின் பரிந்துரைப்படி, பெயர் வெளிவராமல் இலவசமாகச் சிகிச்சை பெறும் நிலையங்கள் பிரிட்டனில் ஏற்பட்டன. எல்லாவற்றிலும் அவர் காலத்தை முந்தியவர் என்று சொல்ல முடியாது. ஆழ்ந்த கிறித்துவச் சமயப் பற்றுடைய அவர் செயற்கைக் கருத்தடை முறைகளை வன்மையாக எதிர்த்தார். அடுத்த தலைமுறைப் பெண் மருத்துவர்கள் பலர் அதில் அவரைப் பின்பற்றவில்லை.

பெண்கள் மாஜிஸ்திரேட்டாகப் பொறுப்பேற்கச் சட்டம் இடம் தந்தவுடன், 1920இல் முதன்முதலில் அப்பொறுப்புக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். 1926இல் பிரிட்டிஷ் அரசு ‘டேம்’ என்ற உயரிய பட்டம் அளித்தது.

வழிவந்தோர்

சென்னையில் ஷார்லீப்போடு படித்த மூவரின் பெயர்கள் பெரும்பாலான நூல்களில் ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றன. பட்டமும் பதக்கமும் லண்டனில் புகழும் பெற்றவர் ஒருவர் என்பதால் அவர் கதை நிலைத்தது. ஆனால் பெண்களால் இந்தக் கல்லூரியில் படிக்க முடியும் என்பதை 1875இல் நிலைநாட்டியவர்கள் நால்வரும்தான். அவர்கள் போட்ட தடத்தில் 1907இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த முத்துலட்சுமி 1912இல் மருத்துவரானார். எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பணியைத் தொடங்கிய அவர், சென்னை சட்டமன்றத்தின் துணைத்தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஷார்லீப் வெளியிலிருந்து வந்து கண்ட துயரத்தை உள்ளிருந்தே அறிந்தவர் முத்துலட்சுமி. அதனால் அவருடைய பணி மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டிச் சட்டத்தையும் சமூகத்தையும் தொட்டது.

மேரி ஷார்லீப் 1930 நவம்பர் 21 அன்று லண்டனில் தமது எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய சென்னை மருத்துவமனை இன்று தமிழ்நாடு அரசின் மகப்பேறு, குழந்தைகள் நல மருத்துவமனையாக, எந்த வேறுபாடும் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்துவருகிறது.